பூட்டுக் கணக்கும் நீச்சல் உடையும்

"அறுபது வயசு ஆகணும் சார்" என்று கவுண்டரில் இருந்த பெண் மூன்றாவது தடவையாகச் சொன்னாள். முதல் தடவை சிரித்துக்கொண்டு சொன்னாள். இரண்டாவது தடவை சிரிக்காமல் சொன்னாள். இந்தத் தடவை, காது மந்தமானவருக்குச் சொல்வது போலக் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்து அவருக்கு என்ன வயசு இருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

"இது ஓய்வுக் கணக்குதானேம்மா?"

"ஆமா சார்."

"நான்தான் ஓய்வு வாங்கிட்டேனே. வெள்ளிக்கிழமையோட வேலையை விட்டாச்சு."

"ரொம்ப சந்தோஷம் சார். ஆனா அறுபது வயசு ஆனாத்தான் கணக்கு திறக்கும். உங்களுக்கு இப்போ நாப்பத்தெட்டுதான்."

"நடுவுல எடுக்க வழியே இல்லையா?"

"இருக்கு சார், ரெண்டு வழி. ஒண்ணு தீராத வியாதி. இன்னொண்ணு, ஆள் காலமாகியிருக்கணும்." அவள் கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு அக்கறையாகக் கேட்டாள்: "உங்களுக்கு ரெண்டுல ஏதாவது உண்டா?"

இரண்டாவது இப்போதே வந்தால்கூட தேவலை என்று அவருக்குத் தோன்றியது. முகத்தில் ஈயாடாமல் நின்ற மனிதரைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கே மனசு இளகிவிட்டது.

"வருத்தப்படாதீங்க சார். போன வாரம்கூட ஒருத்தங்க இப்படித்தான் வந்து நின்னாங்க. ஓய்வுக் கணக்குன்னு பேரைப் பார்த்து நிறையப் பேர் ஏமாந்துடறாங்க."

ஏமாந்தவர்களில் ஒருவராக இருப்பது நம்மவருக்குப் பழக்கமில்லாத விஷயம். இத்தனை வருஷமாக, மற்றவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்று விளக்கும் வேலையை அவர்தான் சம்பளமில்லாமல் செய்துவந்தார்.

சம்பளத்துக்குச் செய்த வேலை வேறு. ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். தைத்து வருகிற மெத்தையை அமுக்கிப் பார்ப்பார், உட்கார்ந்து பார்ப்பார், படுத்து இடமும் வலமும் புரண்டு பார்ப்பார், பிறகு எழுந்து முத்திரை குத்துவார். "படுத்துக்கிட்டே சம்பளம் வாங்கறீங்க, உங்களுக்கு எதுக்கு ஓய்வு?" என்று கேட்காத ஆள் கிடையாது. தூங்காமல் படுத்திருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அவர் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. அதனால் நாற்பத்தெட்டு வயதில் வேலையை விடுவது என்று இளம் வயதிலேயே முடிவு செய்து, அதை ஊர் முழுக்கச் சொல்லியும்விட்டார். தினமும் சொன்னதால் தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே நாற்பத்தெட்டு என்று ஆகிவிட்டது.

எந்த வேலையில் சேர்கிறவர்களுக்கும் இரண்டு விதக் கணக்கு காட்டுவார்கள். ஒன்று இந்த ஓய்வுக் கணக்கு, எல்லாரும் பூட்டுக் கணக்கு என்பார்கள். அதில் போடுகிற பணத்துக்கு வரி கிடையாது, கம்பெனியும் தன் பங்குக்குக் கொஞ்சம் போடும். இன்னொன்று திறந்த கணக்கு. வரி கட்டியது போக மிச்சத்தைப் போடலாம், நினைத்தபோது எடுக்கலாம். சீக்கிரம் வேலையை விட நினைக்கிறவர் இரண்டிலும் போட்டுவைத்து, பூட்டு திறக்கிற வரைக்கும் திறந்ததில் இருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் நாற்பத்தெட்டுக்கு வரி என்ற சொல்லே ஆகாது. "திறந்த கணக்கு ஏமாளிங்களுக்கு" என்று சொல்லி, ஒட்டுமொத்தமாகப் பூட்டுக் கணக்கில் கொண்டுபோய்க் கொட்டினார். அறுபது வயது என்று அச்சடித்திருந்ததை அவர் பார்க்காமல் இல்லை. அது அறுபது வயது வரைக்கும் உழைக்கிற அப்பாவிகளுக்காக எழுதியது என்று நினைத்துக்கொண்டார்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை நடந்த பிரிவு விழாவில் ஒரு பேச்சு வேறு பேசியிருந்தார். "நீங்க எல்லாரும் இன்னும் பன்னிரண்டு வருஷம் மெத்தையை அமுக்கிக்கிட்டே இருங்க. நான் போய் அதுல படுக்கறேன்!" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். கூட வேலை செய்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தொழிற்சாலையிலேயே பெரிய இரட்டை மெத்தையாகப் பார்த்து, ஓரத்தில் நீல நூலால் '48' என்று தைத்துக் கொடுத்தார்கள்.

அதையும்விடப் பெரிய வினை ஒன்று இருந்தது. அவர் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். கண்ணாடிச் சில்லை ஓரம் தேய்த்து, சட்டத்தில் அழுத்தி, எதிரே இருப்பவரின் மூக்கில் தானே மாட்டி, "இப்போ படிச்சுப் பாருங்க" என்று சொல்லி அவர் முகம் மலர்வதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு ஆசை. அந்த வேலையையும் அவர்தான் விடச் சொன்னார்.

"நீ மட்டும் எதுக்கு ஓடணும்? உன் கணக்கையும் நான்தானே பார்த்துப் போட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்தே ஓய்வு வாங்கலாம்" என்றார்.

அவளும் அவரை நம்பி அவருக்கு முன்னாலேயே வேலையை விட்டுவிட்டாள். தன் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொண்டது போகட்டும், அவளுடையதிலும் அல்லவா போட்டாயிற்று! கவுண்டரில் இருந்து வீடு வரும் வழியெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது. எதிரே வந்த நாய்கூடத் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறதோ என்று சந்தேகம் வந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் அழைப்புமணியை அழுத்தினார். கதவைத் திறந்த மனைவி அவர் முகத்தையே பார்த்தாள்.

"போன காரியம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றார். பொய் சொல்லவில்லை. காரியம் முடிந்தேதான் போயிருந்தது.

"ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"என்ன பிரச்சினை? மாசா மாசம் வீட்டுச் செலவுக்கு வந்துக்கிட்டே இருக்கும்."

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு, "என் பணத்தை இப்போ எடுக்க வேணாங்க. அது பாட்டுக்கு அங்கேயே கிடக்கட்டும்" என்றாள்.

அவருக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. மேற்கொண்டு ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்த நம்பிக்கைதான் அவரைக் குத்திக் கிழித்தது. அன்றைக்குப் புது மெத்தையில் படுத்தவர், வேலையில் படுத்திருந்தபோதுகூட இல்லாத அளவுக்குக் கண்கொட்டாமல் கிடந்தார்.

மறுநாள் காலையில் தொழிற்சாலை மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

"என்ன நாப்பத்தெட்டு, எதையாவது மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்களா?"

"ஆமா சார். வேலையை."

மேனேஜர் நல்ல மனிதர். அதனால் சிரிப்பை அடக்க ரொம்பவும் பாடுபட்டார். "உங்க இடத்துக்கு ஆள் போட்டாச்சே! திரும்பி வந்த சரக்குப் பிரிவுல மட்டும் ஒரு இடம் இருக்கு. பரவாயில்லையா?"

வாங்கிப்போன மெத்தை பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அந்த மெத்தைகளைப் பிரித்துப் பார்த்து, எதற்காகத் திரும்பி வந்தது என்று சீட்டு ஒட்டுகிற வேலை. முகமூடி போட்டுக்கொண்டுதான் செய்ய முடியும். அதில் அவருக்கு ஒரு விதத்தில் நிம்மதிதான், முகத்தைக் காட்ட வேண்டாமே! ஆனால் முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களை வைத்தே எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"சரியான பிரிவுலதான் போட்டிருக்காங்க" என்றான் தையல் பிரிவில் இருந்தவன் ஒருவன்.

மதியம் அவர் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'பயன்படுத்திய காலம்: ஒரு வார இறுதி. திரும்பக் காரணம்: வீட்டில் பொருந்தவில்லை.' அதோடேயே அவர் கேன்டீன் முழுக்கச் சுற்றி வந்திருக்கிறார். மெத்தைக்குக் காசு போட்டவர்கள் அதைத் திருப்பிக் கேட்டார்கள். வீட்டில் இருந்து மெத்தையைத் தூக்கி வந்தால் குட்டு உடைந்துவிடும். தலையைக் குனிந்துகொண்டு, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் ஓய்வு பெற்ற மனிதர் தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்? மறுநாள் செருப்பு மாட்டும்போதே மனைவி கேட்டுவிட்டாள்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

அவருக்கு வாயில் முதலில் வந்தது, "நீச்சல்" என்பதுதான்.

"உங்களுக்குத்தான் நீச்சல் தெரியாதே?"

"அதான் கத்துக்கப் போறேன். அப்புறம் லைப்ரரி. அதுக்கப்புறம் செஸ் கிளப். ஓய்வுன்னா சும்மா வீட்டுலேயே கிடக்கறதா என்ன?"

எதிர்ப்பு வரும், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே நின்றார். அவளோ, "ரொம்ப நல்ல விஷயம். சாயங்காலம் வரைக்கும் நல்லா சுத்திட்டு வாங்க. அவசரமே இல்லை" என்று கதவையும் திறந்துவிட்டாள்.

அன்று மாலை வீடு திரும்பியவரின் பையை வாங்கித் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். "நனையவே இல்லையே?"

"முதல் நாள் தரையிலதான் சொல்லிக் கொடுத்தாங்க."

"தரையிலயா?"

"பயம் போறதுக்கு."

மறுநாளே ஒரு நீச்சல் உடை வாங்கினார். வேலை முடிந்ததும் நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போய், வாசலை ஒட்டிக் கால் கழுவ வைத்திருக்கும் குழாயைத் திறந்து, அந்த உடையையும் துண்டையும் நனைத்துப் பிழிந்தார். தலையையும் குழாய்க்கடியில் காட்டினார். நிமிர்ந்தபோது எதிரே குளத்துக் காவலாளி நின்றுகொண்டிருந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு இவரையே பார்த்தார்.

"சார், குளம் உள்ளே இருக்கு."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இங்கே?"

வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது காதெல்லாம் சூடாகிவிட்டது. உலகத்தில் முதல் முதலாக முழு உண்மையையும் சொன்னது ஒரு கால் கழுவும் குழாயடியில்தான். "யார் கேட்டாலும் நான் உள்ளேதான் இருந்தேன்னு சொல்லணும்" என்று கெஞ்சினார்.

"பொய் சொன்னா எனக்கு முதுகு வலிக்கும் சார்" என்றார் காவலாளி, தான் நாள் முழுக்க உட்காரும் இரும்பு முக்காலியைத் தடவிக்கொண்டே.

மறுநாள் அந்த முக்காலியில் கனமான ஒரு ஸ்பாஞ்சு மெத்தை வந்து உட்கார்ந்தது. கழிவில் போக வேண்டிய துண்டுதான், கேட்டு வாங்கி, நாற்பத்தெட்டு தன் கையாலேயே அளவெடுத்து வெட்டி உறை போட்டது. காவலாளியின் முதுகுவலி அன்றோடு போயிற்று.

ஒரு பொய்யை நிலையாக நிறுத்தியாயிற்று என்று அவர் மூச்சு விடுவதற்குள் மனைவி அடுத்த குண்டைப் போட்டாள்.

"நானும் நீச்சலுக்குச் சேர்ந்துட்டேங்க."

"எந்தக் குளத்துல?"

"நீங்க போற குளம்தான். குடும்பச் சந்தா போட்டா மலிவாம். பொம்பளைங்களுக்குத் தனி நேரம் இருக்கு."

"பெண்களுக்கு அந்தத் தண்ணி ஒத்துக்காதுன்னு சொல்றாங்களே?"

"உங்களுக்கு ஒத்துக்குதே."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் வீடு திரும்பும்போது பால்கனிக் கொடியில் அவளுடைய உடை ஏற்கெனவே சொட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் தன்னுடையதைத் தொங்கவிடுவார். உண்மையாகவே நீந்திவிட்டு வந்தவளின் உடைக்குப் பக்கத்தில் தன் குழாயடி உடை தொங்குவதைப் பார்க்க அவருக்குக் கூசும். அவள் வேறு, "முகமே தெளிஞ்சு போச்சு உங்களுக்கு. இன்னும் ஏதாவது வகுப்புல சேருங்களேன்" என்பாள். இவ்வளவு வெள்ளை மனசுக்காரியை ஏமாற்றுகிறோமே என்று அவர் சோற்றை மென்று விழுங்குவார்.

ஒருநாள் அவர் சட்டைக் காலரில் இருந்து அவள் எதையோ எடுத்தாள்.

"இது என்ன பஞ்சு?"

"குளத்துல கொடுக்கற துண்டு பழசு. நூல் நூலா வருது." பேச்சை மாற்றுவதற்காக அவள் கையைப் பிடித்தார். நகக்கண்ணில் எல்லாம் வெள்ளையாகப் பொடி. "உனக்கு என்ன இது?"

"பொம்மை செய்யற வகுப்புக்குப் போறேன்னு சொன்னேனே. மாவு ஒட்டிக்கிட்டுப் போகவே மாட்டேங்குது."

அதற்குச் சாட்சியாக அலமாரியில் ஒரு வாத்து பொம்மை உட்கார்ந்திருந்தது. அதற்குக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. "பிரமாதமா பண்ணியிருக்கே" என்று பாராட்டினார். ஒருவரை ஒருவர் அதிகம் கேள்வி கேட்காத தம்பதி என்று சொந்தத்தில் அவர்களுக்கு நல்ல பெயர் உண்டு.

குளத்து வாசலில்தான் அவருக்கு நடுக்கம் அதிகம். ஒருநாள் காவலாளியின் மூக்கில் புதுக் கண்ணாடி பளபளத்தது.

"கண்ணாடி புதுசா இருக்கே?"

"ஆமா சார். இப்பதான் எல்லாம் தெளிவா தெரியுது."

அது நாற்பத்தெட்டுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "என் வீட்டம்மா இங்கே வர்றாங்களே, என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

"ஒரு வார்த்தை கேட்கலை சார். நீங்க கவலைப்படாம துணியை நனைங்க."

இப்படியே ஓட்டியிருப்பார். விதி மைத்துனன் ரூபத்தில் வந்தது.

மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பாதியில் நின்றுபோன லிஃப்டுகளுக்கு மேலே தொங்கிக்கொண்டு வாழ்கிறவன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. மாமா என்றால் அவனுக்கு உயிர். மாமா சொன்னார் என்பதற்காகவே அவனும் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க முடிந்ததையெல்லாம் பிடித்துப் பூட்டுக் கணக்கில் போட்டு வந்தான். ஒரு சனிக்கிழமை மாலை வந்தவன், பால்கனியில் ஜோடியாகச் சொட்டிக்கொண்டிருந்த நீச்சல் உடைகளைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டான்.

"இதுதான் மாமா வாழ்க்கை! முடிவு பண்ணிட்டேன். திங்கக்கிழமை நானும் வேலையை விடறேன்."

சமையலறையில் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது.

"அவசரப்படாதேடா!" என்று ஓடி வந்தாள் அக்கா.

"என்னக்கா அவசரம்? மாமா போட்ட அதே கணக்கு, மாமா சொன்ன அதே மாதிரி. எனக்கு என்ன, கொஞ்சம் கம்மியா இருக்கும். அவ்வளவுதானே?"

நாற்பத்தெட்டு அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "ஓய்வு நீ நினைக்கற மாதிரி இல்லப்பா. ரொம்ப போர்" என்றார்.

"சும்மா சொல்லாதீங்க மாமா. பிரிவு விழாவுல நீங்க பேசினதை நான் போன்ல வெச்சிருக்கேன். மனசு சோர்ந்தா அதைத்தான் போட்டுக் கேட்பேன்."

"நீச்சல் அடிச்சா சளி பிடிக்கும்டா" என்றாள் அக்கா பலவீனமாக.

"பிடிக்கட்டும்க்கா. வேலைக்கா போகப் போறேன்?" அவன் துள்ளி எழுந்தான். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. குளத்துல எல்லாரும் ஒண்ணா இறங்கலாமாமே? நானும் வர்றேன். நீங்க ரெண்டு பேரும் நீந்தறதைக் கண்ணால பார்த்துட்டுப் போய் நேரா கடிதத்தைக் கொடுத்துடறேன்."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "நாளைக்கா?" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலும் கூட்டமும் நன்றாகவே இருந்தன. நாற்பத்தெட்டு நீச்சல் உடையை முதல் முறையாகப் போட்டுப் பார்த்தார். இத்தனை நாளும் நனைத்தாரே தவிர ஒரு நாளும் மாட்டிப் பார்த்தவர் இல்லை. அது இரண்டு சுற்று பெரியதாக இருந்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்தார். மனைவி கழுத்து வரைக்கும் துண்டைப் போர்த்திக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு இன்னிக்குத் தலை பாரமா இருக்கு. நீங்க இறங்குங்க."

மைத்துனன் சட்டையைக் கழற்றி மடித்து, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்தான். உறைக்குள் தட்டச்சு செய்த காகிதம் தெரிந்தது. "கடிதம் மாமா. தண்ணி பட்டுடக் கூடாதுன்னு உறையில போட்டேன். ம், குதிங்க!"

ஆழமில்லாத பக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வாண்டு இவரையே பார்த்தது. நாற்பத்தெட்டு ஒரு காலை எடுத்துத் தண்ணீரில் வைத்தார். சில்லென்றது. காலை எடுத்துக்கொண்டார். அப்படியே பொத்தென்று விழுந்து, மூச்சுத்திணறி, இரண்டு பேர் தூக்கி வெளியே போட்டால் எல்லாம் தள்ளிப்போய்விடும் என்று ஒரு யோசனை ஓடியது. சமாளிக்க அது நல்ல வழிதான். ஆனால் திரும்பினால் அந்த உறை தெரிந்தது. நாளைக்கு இதே நேரம் இவனும் அந்தக் கவுண்டரில் நிற்பான். அந்தப் பெண் மூன்று தடவை சொல்வாள். இவனுக்குத் திரும்பிப் போக ஒரு மேனேஜர் கிடைப்பாரோ மாட்டாரோ, பிள்ளைகள் இரண்டும் என்ன செய்யும்?

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றார்.

"விளையாடாதீங்க மாமா."

"நீச்சலும் தெரியாது, ஓய்வும் இல்லை!" குரல் தானாக எகிறிவிட்டது. குளத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள். "பணம் எல்லாம் பூட்டுல இருக்கு. அறுபது வயசு வரைக்கும் ஒரு காசு எடுக்க முடியாது. நான் மறுபடியும் வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கேன். திரும்பி வந்த மெத்தைக்குச் சீட்டு ஒட்டறேன். சாயங்காலம் இங்கே வந்து வாசல் குழாயில துணியை நனைச்சுட்டு வீட்டுக்கு வர்றேன். உன் பணமும் அப்படித்தான் மாட்டிக்கிட்டிருக்கு. நான்தான் மாட்டிவிட்டேன். அந்தக் கடிதத்தை மட்டும் கொடுத்துடாதேப்பா!"

மைத்துனன் குனிந்து உறையைக் கையில் எடுத்தான். அவன் தலைவராக நினைத்திருந்த மாமா, இடுப்பில் நழுவும் உடையைப் பிடித்துக்கொண்டு, நடுக் கூட்டத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அப்போ அந்தப் பேச்சு?" என்றான் மெதுவாக.

"அழிச்சுடு" என்றார்.

அவன் கடிதத்தை உறையோடு நாலாக மடித்தான். அவன் ஒன்றும் திட்டவில்லை. போனை எடுத்து ஏதோ தேடினான், அழிக்கத்தான் தேடுகிறான் என்று தெரிந்ததும் அவருக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். அவள் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பேர் பார்க்க அவளையும் அழவைத்துவிட்டோமே என்று நினைத்தார். படியில் அவள் காலடியில் போய் உட்கார்ந்தார்.

"என்னை மன்னிச்சுடும்மா. உன் பணத்தையும் நான்தான் பூட்டிட்டேன். ஆசையா செஞ்சுக்கிட்டிருந்த வேலையையும் விட வெச்சேன். நீ நிஜமாவே நீந்திட்டு வருவே, நான் பக்கத்துல என் துணியைத் தொங்கவிடுவேன். தினமும் செத்துப் பிழைச்சேன்."

அவள் துண்டை விலக்கவில்லை. ஏதோ சொல்ல வந்தது போல ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி அவர் தோளைப் பிடித்தாள். நகக்கண்ணில் அந்த வெள்ளைப் பொடி அப்படியே இருந்தது. "ஏங்க, நான்..." என்று துண்டுக்குள் இருந்து ஒரு குரல் கேட்டது. அதற்கு மேல் வரவில்லை.

சத்தம் கேட்டு வாசலில் இருந்து காவலாளி வந்துவிட்டிருந்தார். கக்கத்தில் ஸ்பாஞ்சு மெத்தை. நிலவரத்தைப் பார்த்து, அதைக் கொண்டுவந்து நாற்பத்தெட்டின் பக்கத்தில் மரியாதையாக வைத்தார். பிறகு மூக்கில் இருந்த புதுக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டையில் துடைத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு துண்டுக்கு முன்னால் தயங்கித் தயங்கி நின்றார்.

"சாரே எல்லாத்தையும் சொல்லிட்டாரு, இனிமே அவரோட மெத்தை எனக்கு எதுக்கு? ஆனா அம்மா, கண்ணாடிக் கடை வேலை முடிஞ்சு சாருக்கு முன்னாடியே வந்து, அதே குழாயில உங்க துணியை நனைச்சுட்டு ஓடறீங்களே, அதைச் சொல்லாம இருக்கத்தான் இதைக் கொடுத்தீங்க... இதை நான் வெச்சுக்கவா, திருப்பிக் கொடுத்துடவா?"